யார் சொல்லி வேலைக்குப் போனீர்கள்?

திருவண்ணாமலையில் வேலையில் இருக்கும் ஒருவரிடம், இந்த வேலை இருப்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், பதிலில் பெரும்பாலும் ஒரு மனிதர் வந்துவிடுவார். மாமா சொல்லிவிட்டார், அக்கா அங்கேதான் வேலை செய்தாள், எங்கள் தெருப் பையன் கூட்டிக்கொண்டு போனான், மேஸ்திரி ஆள் கேட்டார். லாட்ஜ் வரவேற்பில் நிற்பவர், ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண், தனியார் மருத்துவமனையின் லேப் டெக்னீஷியன், கிரிவலப் பாதையில் ஆட்டோ ஓட்டுபவர், எல்லாருக்கும் இது பொருந்தும். அறிவிப்பைப் பார்த்தேன், விண்ணப்பித்தேன், எடுத்தார்கள் என்ற வரிசையில் வேலைக்கு வந்தவர்கள் அரசு ஊழியர்களும் வங்கி ஊழியர்களும் கொஞ்சம் பொறியியல் பட்டதாரிகளும்தான்.

ஊரோடு ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைப்பது நல்லதுதானே என்று கேட்பார்கள். நல்லதுதான். ஆனால் ஒருவருக்கு வேலை வாங்கித் தருகிற அதே உறவு, அவரை அந்த வேலைக்குள்ளேயே கட்டியும் போடுகிறது. ஊரைச் சுற்றி இருபது வகைத் தொழில் நடந்தாலும் ஒரு வீட்டுப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது இரண்டோ மூன்றோதான். வேலையின்மை பற்றிய நம் பேச்சு எப்போதும் எத்தனை வேலை உண்டாக்கினோம் என்ற கணக்கிலேயே நின்றுவிடுகிறது. உண்டான வேலையின் சேதி யார் காதுக்குப் போய்ச் சேர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

அடி அண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். மலைக்கு மேற்கே, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் மேல் இருக்கும் ஊர். இங்குள்ள ஆதி அருணாசலேசுவரர் கோயில் நகரத்துப் பெரிய கோயிலுக்கும் முந்தியது என்று ஊரார் நம்புகிறார்கள். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பது மரபு. சென்ற தலைமுறை வரை ஊரின் பிழைப்பு நெல், மல்லாட்டை, கறவை மாடு. ஏரி நிரம்பினால் நல்ல வருடம். இன்று பாதையோர நிலங்களில் பெரும்பகுதி வீட்டுமனையாகவும் ஆசிரமமாகவும் விருந்தினர் விடுதியாகவும் மாறிவிட்டது. 1896இல் ரமணர் திருவண்ணாமலைக்கு வந்தார். அவரைத் தேடி வரத் தொடங்கிய வெளியூர், வெளிநாட்டு அன்பர்களின் வரவு அவர் 1950இல் மறைந்த பிறகும் குறையவில்லை. 1990களுக்குப் பிறகு பௌர்ணமி கிரிவலம் இலட்சக்கணக்கானோரின் வழக்கமாகிவிட்டது. நிலத்தை விற்றவர்களின் பிள்ளைகளும், அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் இந்தப் புதிய வரவை நம்பி வாழ வேண்டியதாயிற்று.

இந்த வரவு தரும் வேலைக்குத் தனிக் காலண்டர் உண்டு. பௌர்ணமியையொட்டி இரண்டு மூன்று நாள், கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள், சித்ரா பௌர்ணமி, இப்போது சனி, ஞாயிறுகளும். டிபன் கடையில் பாத்திரம் கழுவுவது, பூ கட்டுவது, வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழிப்பது, லாட்ஜ் அறை துடைப்பது, ஆட்டோ ஓட்டுவது. கூலி அன்றன்றைக்கே கையில் வரும். அமாவாசை வாரத்தில் அதே கைகள் சும்மா இருக்கும். வெளிநாட்டவர் வருவது மார்கழி, தை, மாசி மாதங்களில். சமையல், வீட்டு வேலை, தோட்ட வேலை, வாடகை வண்டி எல்லாம் அந்த மூன்று மாதத்துக்குள் சம்பாதித்தால்தான். அண்மை ஆண்டுகளில் ஆந்திர, தெலங்கானா பக்தர்கள் பெருகியதால் கடைப் பலகைகளில் தெலுங்கு ஏறியிருக்கிறது. தெலுங்கு பேசத் தெரிந்த பையனுக்குக் கடையில் முதல் இடம். எந்தப் பள்ளியும் கல்லூரியும் இதை ஒரு வேலைத்திறன் என்று நினைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. பையன்கள் கல்லாவில் நின்றபடியே கற்றுக்கொண்டார்கள்.

நகரம் இதைவிடப் பெரிது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருவண்ணாமலை நகராட்சியில் 1,45,278 பேர் இருந்தார்கள். 2024இல் அருகிலுள்ள ஊராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆயிற்று. அரசு கலைக் கல்லூரி 1966இலிருந்து இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி 2013இல் வந்தது. சுற்றிலும் தனியார் பொறியியல், செவிலியர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள். இவற்றிலிருந்து வருடந்தோறும் வெளியே வருகிற பட்டதாரிகளை எடுத்துக்கொள்ள நகரத்தில் இருப்பவை லாட்ஜ், ஓட்டல், ஜவுளிக்கடை, தனியார் பள்ளி, மருத்துவமனை, மொபைல் கடை, கடன் வசூல் ஆகியவைதான். பட்டதாரிக்குத் தக்க வேலை என்று சொல்லும்படி இவற்றில் உள்ள இடங்கள் குறைவு.

ஆனால் மாவட்டத்தை விரித்துப் பார்த்தால் படம் வேறு. 1989இல் பழைய வட ஆர்க்காட்டைப் பிரித்து உருவான இந்த மாவட்டம், பரப்பில் தமிழகத்தின் பெரிய மாவட்டங்களில் ஒன்று. ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் பட்டுத் தறி. ஆரணியிலும் களம்பூரிலும் அரிசி ஆலைகள். வந்தவாசியில் கோரைப் பாய். செய்யாறு சிப்காட்டில் காலணி, வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள். ஜவ்வாது மலையில் சாமை, பலா, தேன். தண்டராம்பட்டுப் பக்கம் சாத்தனூர் அணையின் பாசனம். பல தொழில் கலந்த இடம் என்று எந்த அளவுகோலிலும் சொல்லலாம்.

பல தொழில் கலந்திருப்பது ஊருக்கு நல்லது என்று முதலில் வலுவாக வாதிட்டவர் ஜேன் ஜேக்கப்ஸ். 1969இல் வந்த ‘தி எகானமி ஆஃப் சிட்டீஸ்’ நூலில் இங்கிலாந்தின் மான்செஸ்டரையும் பர்மிங்காமையும் அருகருகே வைத்துப் பேசுகிறார். மான்செஸ்டர் பஞ்சாலைகளை மட்டும் பெரிதாக வளர்த்தது. அன்று உலகமே வியந்தது. பர்மிங்காமில் பொத்தான், பூட்டு, துப்பாக்கி, பேனா முள் என்று சின்னச் சின்னப் பட்டறைகள். பஞ்சாலைக் காலம் முடிந்தபோது மான்செஸ்டர் தேங்கியது. பர்மிங்காமில் ஒரு பட்டறையில் கற்ற கைத்திறன் இன்னொன்றுக்கு உதவியதால் அது புதுத் தொழில்களுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. இந்த வாதத்தில் சொல்லாமல் உள்ளே நிற்கும் நிபந்தனை ஒன்று உண்டு. பட்டறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் வேலை போனவர் அடுத்த தெருவில் கேட்கக்கூடியவராக இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் அந்த நிபந்தனை இல்லை. அடி அண்ணாமலையிலிருந்து ஆரணி சுமார் 60 கிலோமீட்டர். செய்யாறு ஏறக்குறைய 100. தொழில்கள் ஒரே மாவட்டத்தின் பெயரில் இருக்கின்றன, ஒரே ஆளுக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

தூரம் மட்டுமே தடையாக இருந்தால் பேருந்து விட்டுச் சரிசெய்துவிடலாம். 2021இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபோது, சுற்றுக் கிராமங்களிலிருந்து நகரத்துக் கடைகளுக்கு வேலைக்கு வருவது பெண்களுக்கு எளிதாயிற்று. 2024 மே மாதம் சென்னை கடற்கரை–வேலூர் ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். விடியற்காலை 4 மணிக்கு ஏறினால் 50 ரூபாயில் சென்னை. இவை சின்ன உதவிகள் அல்ல. ஆனால் தூரத்தைவிடப் பெரிய தடையாக நிற்பது சேதி.

ஆரணியை 1973 முதல் தொடர்ந்து ஆய்ந்தவர் பார்பரா ஹாரிஸ்-ஒயிட். பசுமைப் புரட்சி வட ஆர்க்காட்டில் என்ன செய்தது என்று பார்க்க வந்த கேம்பிரிட்ஜ்–சென்னைப் பல்கலைக்கழகக் குழுவில் ஒருவராக வந்தவர், ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை திரும்பி வந்து அந்த ஊரின் வணிகத்தைக் கணக்கெடுத்தார். ஒரு இந்தியச் சிறுநகரை இவ்வளவு நீண்ட காலம் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தது அரிது. நாற்பது ஆண்டுக் கால மாற்றத்தைச் சொல்லும் ‘மிடில் இந்தியா’ தொகுப்பு 2016இல் வந்தது. நெல்லும் பட்டும் தங்கமும் நடக்கும் அந்த ஊரில் தொழில் வளர்ந்த விதம் பற்றி அவர் காட்டுவது முக்கியமானது. இருக்கிற நிறுவனங்கள் பெரிதாகி நூறு இருநூறு பேருக்கு வேலை தருவது குறைவு. சிறிய, குடும்பமே நடத்தும் கடைகளும் பட்டறைகளும் எண்ணிக்கையில் பெருகிக்கொண்டே போகின்றன. சாதி, குடும்பம், கடன் உறவு இவற்றின் வழியேதான் யார் எந்தத் தொழிலுக்குள் நுழையலாம் என்பது முடிவாகிறது.

திருவண்ணாமலை நகரத்துக்கும் இது அப்படியே பொருந்துகிறது என்று நினைக்கிறேன். பத்துப் பேருக்குக் குறைவான ஆட்களை வைத்து நடத்தும் கடைக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது, இருபதுக்குக் குறைந்தால் பி.எஃப். கட்டாயமில்லை. நகரத்தின் பெரும்பாலான வேலைகள் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவை. அத்தகைய கடைக்காரருக்கு எழுத்தில் அறிவிப்பு வைத்து ஆள் எடுக்க வேண்டிய தேவை எழுவதே இல்லை. கல்லாவில் பணம் கையாள நம்பிக்கையான ஆள் வேண்டும். அந்த நம்பிக்கைக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். வேலை செய்கிற பையனிடமே, உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லு என்பார். அவன் தன் சித்தப்பா மகனைக் கூட்டிவருவான். கடைக்காரர் பக்கம் நின்று பார்த்தால் இதில் தவறில்லை. விளைவைத்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1960களின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில் 282 ஆண்களிடம் இதே கேள்வியைத்தான் கேட்டார். எல்லாரும் தொழில்நுட்ப, நிர்வாக வேலைகளில் இருந்தவர்கள். அங்கும் பாதிக்கு மேற்பட்டோர் தெரிந்தவர் மூலமாகவே வேலைக்கு வந்திருந்தார்கள். அமெரிக்காவில் எல்லாம் தகுதிப்படி என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அவர் அடுத்து கேட்டதுதான் பெரிய விஷயம்: சேதி சொன்ன அந்த ஆளை நீங்கள் எத்தனை நாளுக்கொரு முறை சந்திப்பீர்கள்? அடிக்கடி என்றவர்கள் சுமார் 17 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55 சதவீதத்துக்குச் சற்று அதிகம். அபூர்வமாக என்றவர்கள் 28 சதவீதம். நெருங்கிய நண்பர்களும் உறவினரும் நமக்குத் தெரிந்ததையே தெரிந்துவைத்திருக்கிறார்கள். எப்போதாவது பார்க்கிற பழைய சக ஊழியரோ, கல்லூரித் தோழரின் அண்ணனோதான் நமக்குத் தெரியாத இடத்துச் சேதியைக் கொண்டுவருகிறார்.

இதை அடி அண்ணாமலைக்குக் கொண்டுவந்து பார்த்தால் வலி புரியும். இங்கே ஒரு பையனுக்கு நெருங்கிய உறவுக்குக் குறைவில்லை. பங்காளி, மாமன், மச்சான், ஒரே தெரு, ஒரே ஆட்டோ ஸ்டாண்ட். இவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது அதே மேஸ்திரி, அதே லாட்ஜ், அதே பெங்களூர் கட்டட சைட். தூரத்துப் பழக்கம்தான் இல்லை. அது கிடைக்கக்கூடிய இடம் பள்ளி, கல்லூரி, பழைய வேலையிடம். அரசுப் பள்ளியில் படித்துக் கலைக் கல்லூரிக்குப் போய்வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, தனக்கு முன்னே படித்து முடித்து வேலையில் இருக்கும் ஐந்து பேரின் தொலைபேசி எண் இருந்தால் பெரிது. நகரத்து வீட்டுப் பிள்ளைக்கு அந்த எண்கள் அப்பாவின் செல்போனிலேயே இருக்கின்றன.

சாதி இதை இன்னும் இறுக்குகிறது. 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டவெல்லும் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நாளிதழில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயர் கொண்ட விண்ணப்பத்தைவிட தலித் பெயருக்கும் இஸ்லாமியப் பெயருக்கும் அழைப்பு வரும் வாய்ப்பு தெளிவாகக் குறைந்தது. பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கே இந்த நிலை என்றால், விளம்பரமே இல்லாமல் சித்தப்பா மகன் வழியாக நிரம்பும் வேலைக்கு யார் வெளியே நிற்பார்கள் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை.

கைவன் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வைக் என்ற இரு பொருளியலாளர்கள் மும்பையின் தாதர் பகுதியில் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு நம் மாவட்டத்தைப் புதிதாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. ஆலை, துறைமுகம் போன்ற உடலுழைப்பு வேலைகளில் ஒரே சாதி ஆட்கள் தலைமுறையாக ஒருவரை ஒருவர் சேர்த்துவிட்டு வந்தார்கள். 1990களில் பொருளாதாரம் திறந்தது. ஆங்கிலம் தெரிந்தால் நல்ல அலுவலக வேலை என்றாயிற்று. அந்தச் சாதி வீடுகளில் பையன்களை மராத்திப் பள்ளியிலேயே போட்டார்கள், ஏனென்றால் அப்பாவின் வேலை காத்திருந்தது. பெண் பிள்ளைகளுக்கு அப்படிக் காத்திருக்கும் வேலை எதுவும் இல்லை. அவர்கள் ஆங்கிலப் பள்ளிக்கு வேகமாக மாறினார்கள். பற்றிக்கொள்ள உறவு வலை இருந்தவன் நின்ற இடத்தில் நின்றான், இல்லாதவள் நகர்ந்தாள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் இதன் இன்னொரு வடிவம் நடந்துகொண்டிருக்கிறது என்பது என் வாதம். ஆண்களின் வழி பெங்களூர். செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகப் பேருந்தில் ஐந்தாறு மணி நேரம். ஊர்க்கார மேஸ்திரி இருக்கிறார், தங்க சைட்டிலேயே தகரக் கொட்டகை இருக்கிறது, சமைத்துப் போட ஆள் இருக்கிறது. கட்டட வேலை, காய்கறி மண்டி, டிரைவர் வேலை என்று பல பத்தாண்டுகளாகப் போய்வந்து பதிந்த தடம் அது. பதினெட்டு வயதில் கிளம்புகிறவனுக்கு அது அடைக்கலம்தான். முதல் வாரத்திலிருந்தே கூலி. ஆனால் இருபது வருடம் கழித்தும் கையில் பணி ஆணை இல்லை, பி.எஃப். எண் இல்லை, சாரத்திலிருந்து விழுந்தால் இழப்பீடு கேட்க முதலாளி யார் என்றே தெரியாது. ஐ.டி.ஐ.யில் வெல்டர் பயிற்சி முடித்தவன்கூட மாமா கூப்பிட்டதும் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விடுகிறான்.

பெண்களுக்கு இப்படிப்பட்ட மேஸ்திரி வலை இருந்ததில்லை. 2000களின் பிற்பகுதியில் செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமத்தின் காலணித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கி, நைக்கி போன்ற உலக நிறுவனங்களுக்கு ஷூ தைத்து அனுப்பியபோது, ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்பட்டது. மேஸ்திரியை வைத்து அவ்வளவு பேரைத் திரட்ட முடியாது. கம்பெனி பஸ் கிராமம் கிராமமாகப் போனது. பத்தாவது, பிளஸ் டூ படித்த பெண்கள் ஏறினார்கள். தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஷிப்ட், டார்கெட், சூப்பர்வைசரின் அதட்டல், நாள் முழுக்க தையல் மிஷினில் குனிந்த முதுகு, விடியற்காலையில் கிளம்பி இருட்டிய பின் வீடு திரும்பும் பயணம், இவை எல்லாம் உண்டு. அதோடு மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் வந்தது, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. வந்தன, வேறு ஊர்ப் பெண்களோடு பழக்கம் வந்தது. கிரானோவெட்டர் சொன்ன அந்தத் தூரத்துப் பழக்கத்தை ஒரு தலைமுறைப் பெண்கள் பஸ் சீட்டில் உட்கார்ந்து சம்பாதித்தார்கள். செய்யாறிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் மின்னணுத் தொழிற்சாலைகளின் சேதி பரவியது இப்படித்தான்.

இதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். 2021 டிசம்பரில் அந்த மின்னணுத் தொழிற்சாலைகளில் ஒன்றான ஃபாக்ஸ்கானின் தொழிலாளர் விடுதியில் கெட்ட உணவு சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அவர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. அதன் பின் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியைச் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. பெண்கள் சாலையில் உட்கார்ந்ததற்கும் இந்தக் கட்டடம் எழுந்ததற்கும் தொடர்பு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தொழிற்சாலை வேலைக்கு இன்னொரு விலையும் உண்டு, நிலம். செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்காக மேல்மா பகுதியில் 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்க முயன்றதை எதிர்த்து 2023இல் விவசாயிகள் மாதக்கணக்கில் போராடினார்கள். அந்த நவம்பரில் 7 பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கண்டனம் எழுந்ததும் 6 பேர் மீதானதை விலக்கிக்கொண்டார்கள். வேலை கேட்கும் மகளும் நிலம் காக்கும் அப்பாவும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். நிலத்தைக் கொடுக்கும் ஐம்பது வயதுக்காரரை எந்த ஷூ லைனிலும் எடுக்க மாட்டார்கள். முப்போகம் விளையும் மண்ணைத் தொட்டுத்தான் தொழிற்பேட்டை வர வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. இந்த விஷயத்தில் அந்த விவசாயிகள் பக்கமே நியாயம் இருக்கிறது.

மீண்டும் சேதிக்கு வருவோம். சேதி ஒரே ஒருவர் கையில் இருக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு இந்த மாவட்டம் கொடுத்த விலை மிகப் பெரியது. ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் வேலை என்பது விளைச்சல் காலத்தோடு முடிந்துவிடும். புரோக்கர் வருவார். மரம் வெட்டும் வேலை, நல்ல கூலி, முன்பணம் இந்தா என்பார். எந்த ஊர், எந்தக் காடு, என்ன மரம், பிடித்தால் என்ன தண்டனை என்று சொல்வதில்லை, அல்லது பாதி சொல்வார். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி அம்மாநிலப் போலீஸ் 20 தமிழரைச் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்துக் கூலித் தொழிலாளர்கள். என்கவுன்ட்டரின் உண்மை பற்றி மனித உரிமை அமைப்புகள் எழுப்பிய கேள்விகள் எல்லாரும் அறிந்தவை. நான் இங்கே கேட்பது வேறு. அந்த மனிதர்கள் தங்கள் ஊரில் உட்கார்ந்தபடி, அந்த வாரம் கூலி வேலை எங்கெங்கே இருக்கிறது, என்ன கூலி என்று புரோக்கர் அல்லாத ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு இடமாவது இருந்ததா?

அப்படி ஒரு இடம் காகிதத்தில் இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குக் காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959இலேயே வந்தது. அரசு நிறுவனங்கள் மட்டுமல்ல, 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் தங்கள் காலியிடத்தை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அது. அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சேதியைச் சொல் என்றுதான் சொன்னது. மீறினால் அதன்படி முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய், அடுத்த தடவை 1,000 என்றிருந்தது. விவசாய வேலைக்கும் வீட்டு வேலைக்கும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட வேலைக்கும் விலக்கு இருந்தது. இச்சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்ட 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இந்தக் கடமையை விட்டுவிடவில்லை. 20 பேர் என்று வரம்பைக் குறைத்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது. மக்கள் மனத்தில் அந்த அலுவலகம் அரசு வேலைக்குப் பதிந்துவிட்டு, மூன்று வருடத்துக்கொரு முறை புதுப்பிக்கும் இடமாகவே தங்கிவிட்டது.

பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தால் உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. ஒரு பட்டதாரி வேலை தேடி மாதம் முழுக்க அலையும் செலவைக்கூட இது தாங்காது. இந்தத் தொகையைக் கூட்டச் சொல்லிக் கேட்பது நியாயம். அதைவிட அவசரமானது, அலுவலகத்தின் வேலையைத் திருப்பிப் போடுவது. பதிந்தவரின் அட்டையைப் புதுப்பித்துக்கொண்டிருப்பதைக் குறைத்து, காலியிடத்தைத் தேடிப் போய் வாங்கி வர வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் இப்போது தனியார் வேலைவாய்ப்பு முகாம்கள் நடத்துகின்றன. தனியார் வேலைக்கென அரசின் இணையதளம் இருக்கிறது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிகளுக்குள் போயிருக்கிறது. திசை சரி. முகாம் நடக்கும் மண்டபத்துக்கு வருகிற பையன் ஏற்கெனவே சேதி தெரிந்தவன். வராதவனுக்கு எட்ட வேண்டுமென்றால் ரேஷன் கடை, நூலகம், பேருந்து நிலையம், கிராம சபை ஆகிய இடங்களில் நிறுவனத்தின் பெயர், சம்பளம், நேரம், பி.எஃப். உண்டா இல்லையா என்ற நாலு வரியோடு காலியிடப் பட்டியலை வாராவாரம் ஒட்ட வேண்டும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம்.

தூரத்துப் பழக்கத்துக்கும் சட்டத்தில் ஒரு வழி உண்டு. தொழில் பழகுநர் சட்டம் 1961இலிருந்து இருக்கிறது. இன்றைய விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தன் ஆள் எண்ணிக்கையில் குறைந்தது 2.5 சதவீதம் பழகுநர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்க வேண்டும். சிப்காட் ஆலைக்கு மட்டுமல்ல, நகரத்தின் பெரிய மருத்துவமனைக்கும் பெரிய ஓட்டலுக்கும் பெரிய ஜவுளிக்கடைக்கும் இது பொருந்தும். பழகுநராக ஒரு வருடம் இருந்தவனுக்குச் சான்றிதழைவிடப் பெரிய வரவு, தன் தெருவுக்கு வெளியே அவனை அறிந்த இருபது பேர். ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. நின்றே கால் வீங்கிய பெண்களின் வெகுநாள் கோரிக்கை அது. கடைகளுக்குள் சட்டம் நுழைய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆள் எடுக்கும் முறைக்குள்ளும் நுழையலாம்.

திருவண்ணாமலையில் கடை, லாட்ஜ், பள்ளி, மருத்துவமனை, ஆலை நடத்துகிறவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்களிடம் இடம் காலியாகும்போது, வேலை செய்கிற பையனிடம் ஆள் கேட்பதற்கு முன்னால், சம்பளத்தையும் நேரத்தையும் எழுதி வாசலில் ஒட்டுங்கள். ஒரு படியை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வேலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் இதையே சொல்வேன். உங்கள் அலுவலகத்தில் காலியிடம் என்று தெரிந்தால் உறவினருக்குச் சொல்லுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. உங்கள் தெருவையும் சாதியையும் சேராத ஒருவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.